அயல்நாட்டுக் கல்வியும் நட்பும்

கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து செல்வோர் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. அங்ஙனம் செல்வோர்க்கு வேண்டுவன யாவை என வினவின், பொருள், கடவுச்சீட்டு, குளிர்க்கேற்ற உடை, உறையுள் என இவற்றையே யாவரும் விரல் மடக்கி எண்ணுவர். நண்பர் என்பதொன்று அவ்வெண்ணிக்கையில் இடம் பெறுவதில்லை. நட்பு சென்ற இடத்தில் தானே முளைக்கும் என்பது பலர் எண்ணம். படிக்கப் போகின்றவனுக்கு நட்பு எற்றுக்கு என்பது சிலர் எண்ணம். இவ்விரண்டும் பிழையென்பதும், அயல்நாட்டில் கற்போனுக்கு நட்பும் கல்வியின் ஒரு கூறே என்பதும், அதனைப் பெறும் வழி பிறர்க்குக் கடன்படத் துணிதலே என்பதும் யான் ஈண்டுக் கூறப் புகுந்தவை.

வள்ளுவனார் பொருட்பாலில் நட்பினுக்கு ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்துள்ளார். அவற்றுள் இரண்டாவதன் பெயர் நட்பாராய்தல். இந்நாளில் பல்கலைக்கழகங்களிலே பெருவழக்காய் விளங்கும் ஆராய்ச்சி என்னும் சொல்லின் அடியை அவர் நட்பின் தலையில் வைத்தமை எண்ணுதற்குரியது. ஆராய்ந்து நட்க வேண்டும் என்பதே ஆன்றோர் முறை. ஆனால் தெரிந்தோரிடையே வாழ்பவனுக்கே அம்முறை எளிது. ஒருவரையும் அறியாத ஊரில் பெட்டியுங் கையுமாய் இறங்கியவன் முதலில் நம்பிப் பின்னரே ஆராய வேண்டியவனாகின்றான். இந்த அச்சமே அயல்நாட்டு மாணாக்கரைப் பெரும்பாலும் வாய்மூடிகளாக்குகின்றது.

திருமறையை அறிந்தோர் தானியேலின் வரலாற்றை மறவார். பாபிலோன் அரண்மனையில் மூன்றாண்டு இருந்து கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் பயிலுமாறு வைக்கப்பட்ட யூத இளைஞன் அவன். சிறையாகக் கொணரப்பட்டவனாயினும், ஒருவகையில் அவனும் அயல்நாட்டு மாணாக்கனே. தன் நாட்டார் மூவர் அவனுக்குத் துணையிருந்தனர். எனினும் அரசன் அளித்த உணவை உண்ண மனம் ஒவ்வாதபோது, அவன் அம்மூவரோடு கூடி முணுமுணுத்து அமைந்தானல்லன். தங்களை மேற்பார்த்த விசாரிப்புக்காரனிடம் சென்று, பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் தந்து பார்க்குமாறு வேண்டினான். அயலவனிடம் ஒன்றை வேண்டத் துணிந்தமையே அவனுக்கு வழியாயிற்று.

நம் நாட்டவர் வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை இராமானுசன் 1914-ஆம் ஆண்டில் கேம்பிரிட்சு அடைந்தார். அவரை அங்கு வரவழைத்த ஹார்டி அவரோடு கூடி உழைத்தார். இருவரும் இணைந்து எழுதிய கட்டுரைகளைக் கணித உலகம் இன்றும் போற்றுகின்றது. ஆயினும் குளிர்காலத்தில் ஒருநாள் இராமானுசனைக் காண வந்து, இரவில் நடுங்குவதன் காரணத்தை உசாவியவர், அந்நாளில் அங்குப் பயின்ற வங்காள இளைஞராகிய மகலனோபிசு. படுக்கையின்மேல் மடித்துச் செருகியிருந்த கம்பளிகளுக்குள்ளே புகுந்து துயிலவேண்டும் என்பதை அறியாத இராமானுசன், அவற்றின் மேலேயே மேற்சட்டையும் சால்வையும் போர்த்துக் கிடந்தனர். கம்பளியை விலக்கி உள்ளே படுக்கும் முறையை நண்பர் காட்டிக்கொடுத்தார். எண்களின் மறைபொருளைப் பேச ஒரு ஹார்டி வேண்டும். கம்பளியைப் போர்க்கக் காட்ட ஒரு மகலனோபிசு வேண்டும். பின்னவர் இல்லாவிடில் முன்னவரால் பெறும் பயனும் குளிரில் உறைந்துபோம்.

அதே இராமானுசன் தம் அறையில் தாமே சமைத்து நண்பர்க்கு விருந்திட்டதுண்டு. ஒருமுறை விருந்தினராய் வந்த பெண்மணி மூன்றாம் முறை ரசம் வேண்டா என்றமையால், மனம் நொந்து ஒருவரிடமும் சொல்லாமல் வெளியேறி ஆக்ஸ்போர்டு சென்றுவிட்டார். சில நாள் கழித்து, ஐந்து பவுன் அனுப்புமாறு அவ்விருந்துக்கு வந்திருந்த நண்பருக்கே அவரிடமிருந்து தந்தி வந்தது. அயல்நாட்டில் தனித்திருப்போன் நெஞ்சம் எத்துணை மெல்லியது என்பதும், ஊடிச் சென்ற பின்னும் எவரிடம் கடன் கேட்கக் கூசவில்லையோ அவரே நண்பர் என்பதும் இதனால் விளங்கும்.

அயல்நாடு சென்ற நம்மவர் தம்மவரோடு மட்டுமே கூடி வாழ்தல் நன்றென்பார் உளர். தாய்மொழியில் நகைக்கவும் அழவும் இடம் வேண்டாவோ என்பர். வேண்டும், அதனை யான் மறுக்கின்றிலேன். பயிர்க்கு முதலில் வேலி வேண்டும். ஆனால் வேலியையே விளைச்சலென்று எண்ணி மகிழும் உழவன் இலன். ஐந்தாண்டு அயல்நாட்டில் உறைந்தும், அந்நாட்டார் வீட்டு வாயிற்படியை ஒருநாளும் மிதியாமல் பட்டத்தோடு திரும்புவோன், அந்நாட்டின் நூலகத்தைக் கண்டான்; நாட்டைக் கண்டானல்லன்.

இவ்வுண்மையை யான் அறிந்தது கடல் கடந்தன்று; எங்கள் ஊர் அங்காடியிலேயாம். புதுவையில் நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே அமைந்தது அவ்வங்காடி. குபேர் அங்காடி என்பது ஏட்டுப் பெயர். பெரிய மார்க்கெட் என்றாலன்றி எங்களூரில் ஒருவரும் வழிகாட்டார். தன் ஓரத்து வீதிக்குப் பெயரளித்த ஆனந்தரங்கப் பிள்ளையோ, பிரெஞ்சுக்காரர்க்குத் துபாஷியாயிருந்து, 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதி வைத்தவர். இரு மொழிக்கும் இரு மக்களுக்கும் நடுவே நிற்பது அவ்வீதிக்குப் பழைய தொழில் போலும்!

சென்ற ஆண்டு விடுமுறைக்கு யான் வீடு சென்றிருந்தபோது, பிரான்சு நாட்டினின்றும் வந்து சங்க நூல்களிற் கூறப்படும் மலர்களை ஆராயும் மாணவி ஒருவர்க்குச் சில நாள் மொழித்துணையாகச் செல்ல நேர்ந்தது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் நிரல்படக் கூறிய தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்களும் அவர் கையேட்டில் இருந்தன. அவற்றுள் எவையெவை இன்றும் மக்கள் வழக்கில் உள்ளன என்றறியவே அவர் பூக்கடைகளை நாடினார். முதல்நாள் கடைக்காரர் அவரைப் படம் பிடிக்க வந்தவராகக் கருதினர். பெயர்களை அவர் ஒலித்த முறையைக் கேட்டு ஒரு பூக்கார அம்மாள் வாய்விட்டு நகைத்தார். யான் நாணி, வேறு கடைக்குப் போகலாம் என்றேன். மாணவியோ அங்கேயே நின்று, அச்சொல்லைத் திருத்தித் தருமாறு அவ்வம்மையாரையே வேண்டினார். நான்கு முறை சொல்லி நான்கு முறையும் நகைக்கப்பட்டார். ஐந்தாம் முறை நகைப்பு நின்றது.

மறுநாளும் அதே நேரத்தில் அதே கடைக்குச் சென்று ஒரு முழம் பூ வாங்கினார். அதற்கு மறுநாளும் அங்ஙனமே. நூலில் பித்திகம் என்றிருப்பதைப் பிச்சி என்பர் உரைகாரர்; எங்கள் அங்காடியில் அது சாதிமல்லி. நூலின் வகுளம் அம்மையாருக்கு மகிழம்பூ. இவ்வாறு ஏட்டிலிருந்த பெயர்கள் ஒவ்வொன்றாய்க் கூடைக்கு வந்து சேர்ந்தன. மூன்றாம் வாரத்தில் மொழித்துணை வேண்டாவாயிற்று. யான் ஒருநாள் சென்று பார்க்க, அவர் கவிழ்த்த பெட்டியொன்றின்மேல் அமர்ந்து வாழைநாரில் பூத்தொடுக்கப் பயின்று கொண்டிருந்தார்.

முழம் அளந்த பின்னும் ஒரு சாண் மிகுதியாக விட்டு நறுக்கும் வழக்கம் பூக்காரரிடம் உண்டு. அதனைக் கொசுறு என்போம். அச்சொல்லை அம்மாணவி மிகவும் விரும்பினார். ஆராய்ச்சி காசு கொடுத்து அளந்து வாங்கும் முழம். நட்பு அளவுக்கு அப்பால் வரும் கொசுறு. முழமே வாங்காதவனுக்குக் கொசுறு இல்லை என்பதையும் மறத்தலாகாது. நாள்தோறும் ஒரே இடத்துக்கு ஒரு தேவையோடு செல்பவனுக்கே அது கிட்டும்.

ஈண்டு என் நாணத்தையும் சொல்லிவிடுதல் முறை. அவ்வம்மையாரிடம் என் தாயார் பூ வாங்காத ஞாயிறு இல்லை. சிறு பருவந்தொட்டு யான் அக்கடையைக் கடந்து சென்றிருக்கின்றேன். எனினும் அவர் பெயரையும், ஊரையும், அவர்க்கு மணப்பருவத்து மகள் ஒருத்தி உண்டென்பதையும், பல்லாயிரங் கல் கடந்து வந்த ஒருவர் வாயிலாகவே யான் அறிந்தேன். சொந்த ஊரிலே அயலவனாய் வாழ்தலும் கூடும் என்பதை அன்று கண்டேன்.

இது புதுவைக்குப் புதிதன்று. 1955-ஆம் ஆண்டில் ழான் பிலியோசா என்னும் பேரறிஞரை முதல் இயக்குநராகக் கொண்டு அங்குப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. அன்றுதொட்டு அயல்நாட்டார் பலர் அங்கு வந்து, நம் நாட்டுப் புலவரோடு ஓரிடத்திருந்து ஓலைச்சுவடிகளைப் படித்து வருகின்றனர். பரிபாடலைப் பிரெஞ்சில் பெயர்த்து 1968-ல் வெளியிட்ட பிரான்சுவா குரோ, நம் நாட்டுத் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமியோடு இணைந்து உத்தரமேரூரைப் பற்றிய நூலை 1970-ல் வெளியிட்டார். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குருவாகிய தனிநாயக அடிகள் 1964-ல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைய முன்னின்று உழைத்தபோது, அதன் தலைமையை ஏற்றவர் பிலியோசாவே. நாடுதோறும் சென்று அறிஞரோடு அடிகளார் வளர்த்த பழக்கமன்றோ அத்தகைய மன்றத்துக்கு அடிப்படை?

ஆராய்ச்சியின் பொருட்டு வரும் நட்பு தன்னலத்தின் வேறுபெயரே. காரியம் முடிந்ததும் அற்றுப்போம் என்று கூறுவார் உண்டு. அங்ஙனம் நிகழ்தலும் உண்டு, மறுப்பதற்கில்லை. பிறர் வாய்மொழியைக் குறிப்பேட்டில் நிரப்பிக்கொண்டு, அவர் முகத்தை மறந்துவிடுவோன் கடன் வாங்கி ஊரை விட்டோடியவனுக்கு ஒப்பாவான். ஆனால் எல்லா நட்பும் அங்ஙனம் முடிவதில்லை. இளமையைக் காரைக்காலிற் கழித்துப் பாரீசில் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய சூலியன் வின்சோன், சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர்க்குக் கடிதம் எழுதி நட்புப் பூண்டார். ஐயர் அந்நாளில் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர். பாரீசுக்கும் கும்பகோணத்துக்கும் இடையே கடிதங்களே நண்பர். அந்த ஐயரே 1894-ல் புறநானூற்றை அச்சேற்றினார். நேரிற் காணாமலே நட்புக்கொண்ட பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் நமக்குக் காட்டிய நூல் அது. அப்பாடல்களை ஆராய்ந்த காலத்தில் அவர் நெஞ்சில் பாரீசு நண்பரும் தோன்றியிருப்பரோ என யான் எண்ணி மகிழ்வதுண்டு.

இனி என் குற்றம் ஒன்றைக் கூறி முடிப்பேன். அம்மாணவி தம் நாடு திரும்பிய சில திங்களில், பூக்கார அம்மாளின் கைப்பேசி பழுதாகி அதிலிருந்த எண்கள் யாவும் தொலைந்தன. தம் மகளின் திருமண அழைப்பிதழை என்னிடம் தந்து, “தம்பி, அவளுக்குச் சேர்த்துவிடு” என்றார். எனக்கோ தேர்வு நெருங்கியிருந்தது. அதனினும் பெரிதாய், வேலை முடிந்து போனவர்க்கு இப்பூக்கடை நினைவிலிருக்குமோ என்னும் இறுமாப்பும் என்பால் இருந்தது. அழைப்பிதழ் என் நூல்களிடையே கிடந்தது. மணம் நிகழ்ந்த பின்னரே அதனை மின்னஞ்சலில் அனுப்பினேன். மறுநாளே மறுமொழி வந்தது. தமிழில், சில எழுத்துப் பிழைகளோடு. தாம் பலமுறை பேச முயன்றும் தொடர்பு கிட்டவில்லையென்றும், நாள் முன்னரே தெரிந்திருப்பின் எவ்வாற்றானும் வந்திருப்பேன் என்றும் எழுதியிருந்தார்.

அதனைக் கடையில் நின்று படித்துக் காட்டினேன். அம்மையார் என்னைக் கடிந்திலர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல் முழம் அளந்து, கொசுறும் விட்டு நறுக்கித் தந்தார். கைப்பிடிப் பூ அத்துணை கனக்கும் என யான் அதற்குமுன் அறிந்திலேன். அயலார் மறந்துவிடுவர் என்று யான் ஐயுற்றேன், மறந்திருந்தவனோ யானே.

மாணவத் தோழர்காள்! நம்மில் சிலர் இவ்வாண்டே அயல்நாடு செல்லக்கூடும். செல்வோர் அவ்வூர் அங்காடிக்கு நாள்தோறும் ஒரே நேரத்திற் செல்க. பிழைபடப் பேசி நகைக்கப்படுக. அறியாததைக் கேட்டுக் கடன்படுக. சமைத்ததைப் பகிர்ந்து அக்கடனைத் தீர்க்க. பட்டம் பெற்றபின் கடிதம் எழுத மறவாதிருக்க. செல்லாதோர்க்கும் கடமையுண்டு. நம் ஊர்க்கு வந்து தனித்திருக்கும் அயலவர் எத்துணையோ பேர். அவர்க்குக் கம்பளி போர்க்கக் காட்டுவாரும், அவர்க்குரிய கடிதத்தைக் காலத்தே சேர்ப்பாரும் நாமேயாதல் வேண்டும்.