குறுந்தொழில் பட்டறைகளுக்குக் கோபாட், கிரிப்பர் வசதி கோரும் மனு

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

அனுப்புநர்:
ஜாப் ஒர்க் பட்டறை உரிமையாளர்கள் சங்கத்தினர்,
கோயம்புத்தூர்.

பொருள்: கோபாட் எனப்படும் கூட்டுப்பணி ரோபோக்களைச் சிறு பட்டறைகள் பயன்படுத்த, கிரிப்பர், தாடை, பாதுகாப்பு ஆய்வு, பயிற்சி ஆகியவற்றுக்கும் உதவி கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டி, குறிச்சி பகுதிகளில் பம்பு, மோட்டார், வெட் கிரைண்டர் கம்பெனிகளுக்கு உதிரிபாகங்களைக் கடைந்து கொடுப்பவர்கள் நாங்கள். ஒருவரிடம் இரண்டு சிஎன்சி லேத் இருக்கும், இன்னொருவரிடம் நான்கு இருக்கும். கடைவது இயந்திரம்தான், ஆனால் கதவைத் திறந்து, முடிந்த ஜாப்பை, அதாவது கடைந்த துண்டை, எடுத்து, புதியதை மாட்டி, கதவை மூட ஒருவர் ஷிப்ட் முழுக்க நிற்க வேண்டியிருக்கிறது. தீபாவளிக்கும் சத் பூஜைக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போனால் கடனில் வாங்கிய லேத்தும் சேர்ந்து விடுப்பு எடுக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதில்லை. ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்யச் சொன்னால் யார்தான் வருவார்கள்?

இந்த வேலைக்குப் பொருத்தமான கருவி உலகில் இருக்கிறது. டென்மார்க்கின் ஓடென்சே நகரில் 2005-இல் தொடங்கிய யூனிவர்சல் ரோபோட்ஸ், 2008-இல் தன் முதல் கோபாட்டை விற்றது. பெரிய கார் தொழிற்சாலைகளில் இருப்பதுபோல் கம்பிக் கூண்டும் தனிப் பொறியாளரும் இல்லாத சிறு நிறுவனங்களை மனத்தில் வைத்தே அது உருவானது. ரோபோவின் கையைப் பிடித்து நகர்த்தியே வேலையைக் கற்றுக்கொடுக்கலாம். ஐந்து கிலோ தூக்கும் கையின் எடை ஏறத்தாழ 20 கிலோ. சிங்கிள் ஃபேஸ் மின்சாரமே அதற்குப் போதும். சக்கரம் வைத்த மேடையில் பொருத்திவிட்டால் இன்று இந்த லேத், நாளை அந்த லேத் என்று தள்ளிக்கொண்டு போகலாம்.

ஆக, கை எங்களுக்குச் சிக்கல் இல்லை. சிக்கல் அதன் நுனியில் பொருளைப் பிடிக்கும் கிரிப்பரில் தொடங்குகிறது. ஐந்து கிலோ என்று எழுதியிருந்தால் அதில் கிரிப்பரின் எடையும் சேர்த்தி. முடிந்த ஜாப்பை ஒரு பிடியில் எடுத்து, புதியதை மறு பிடியில் மாட்ட இரட்டைக் கிரிப்பர் வேண்டும். ஒன்று ஒரு கிலோ என்றாலும் ஜாப்புக்கு மிஞ்சுவது மூன்று கிலோதான். வார்ப்படத் துண்டு ஒவ்வொன்றும் ஒரே அளவில் வராது. நடுவே பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். லேத்தில் ஜாப்பைப் பிடிக்கும் சக்கின் முகத்தில் ஓர் உலோகச் சுருள் ஒட்டியிருந்தால் ஆபரேட்டர் ஏர் கன்னால் ஊதிவிட்டு மாட்டுவார். ரோபோ சுருளோடு சேர்த்து மாட்டும். ஜாப் ஆட்டத்தோடு ஓடி ரிஜெக்ட் ஆகும். ஆகவே ஊதும் குழாய், துண்டுகளை வரிசையாக வைக்கும் தட்டு, கதவைத் திறக்கும் சிலிண்டர், லேத்தோடு பேசும் வயரிங் எல்லாம் வேண்டும். அடுத்த மாதம் வேறு ஜாப் வந்தால் கிரிப்பரின் பிடிவிரல்களான தாடையை மாற்ற வேண்டும். கண்காட்சிகளில் ரோபோ தேநீர்க் கோப்பை நீட்டுவதைப் பார்த்துக் கைதட்டியாயிற்று; இந்தச் செலவுகளைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை.

எனவே எங்கள் முதன்மைக் கோரிக்கை இதுதான். மாநில அரசு வழங்கும் 25 விழுக்காடு மூலதன மானியத்தில் கோபாட்டின் கையோடு கிரிப்பர், தாடை, தட்டு, இணைப்பு வேலை, பொருத்துகூலி ஆகிய அனைத்தும் ஒரே தொகுப்பாகத் தகுதி பெறும் என்று தெளிவான ஆணை வெளியிட வேண்டும். புதிய ஜாப்புக்காகப் பின்னர் வாங்கும் கிரிப்பருக்கும் இது பொருந்த வேண்டும். ஒன்றிய அரசின் கடன் சார்ந்த மூலதன மானியத் திட்டம் 2020 மார்ச்சோடு முடிந்தது. கோபாட் போன்ற கருவிகளையும் சேர்த்து அதற்கு ஈடான ஒன்றைக் கொண்டுவருமாறு ஒன்றிய அரசை மாநில அரசு வலியுறுத்த வேண்டும்.

மானியம் கிடைத்தாலும் சொந்தமாக வாங்க எல்லோராலும் முடியாது. வங்கித் தவணை மாதம் தவறாமல் வரும்; ஜாப் ஒர்க் பில் பணம் அப்படி வருவதில்லை. மாவட்டத் தொழில் மையத்தின் மேற்பார்வையில் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பொது மையம் அமைத்து, கோபாட்டையும் பல வகைக் கிரிப்பர்களையும் மாத வாடகைக்குத் தர வேண்டும். தாடைகளை நாங்களே கடைந்துகொள்வோம், அதுதானே எங்கள் தொழில்! அளவெடுத்து வரைபடம் போட்டுத் தரவும், எங்கள் ஜாப்பை வைத்தே முன்கூட்டி ஓட்டிப் பார்க்கவும் அங்கே ஒருவர் இருந்தால் போதும். பொது மையம் எங்களுக்குப் புதிதல்ல; பம்பு சோதனைக்குப் பொது ஆய்வகம் வைத்து முன்னேறிய ஊர் இது.

அரசுப் பணத்தில் வாங்கும் எந்தக் கோபாட்டுக்கும் கிரிப்பரை மாட்டும் மணிக்கட்டுப் பொருத்துமுகம் ஐஎஸ்ஓ 9409-1-50-4-எம்6 அளவில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்க வேண்டும். போல்ட் துளை பொருந்தினாலும் பிளக்கும் மென்பொருளும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுகின்றன. அவற்றின் விவரங்களை விற்பவர் மறைக்காமல் தர வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கையை வாங்கியவர் ஆயுளுக்கும் ஒரே கடையில் கிரிப்பர் வாங்க நேரிடும்.

பாதுகாப்பைப் பற்றி விற்பனையாளர்கள் சொல்வது பாதி உண்மை. மனிதர்மீது பட்டால் கை நிற்கும். ஆனால் அது பிடித்திருக்கும் கூர்விளிம்பு வார்ப்படம் அதனால் மழுங்கிவிடாது. தாடைக்குள் விரல் சிக்கலாம். மின்சாரம் போனதும் வெற்றிடக் கிரிப்பர் ஜாப்பைக் காலில் போடலாம். உடலின் எந்தப் பகுதி எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை 2016-இல் வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066 வரையறுத்தது. ரோபோ பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 10218 தரநிலையும் 2025-இல் திருத்தப்பட்டுள்ளது. எங்களில் பலருடைய பட்டறையில் பத்துப் பேர்கூட இல்லை. சட்டப்படி தொழிற்சாலையே அல்லாத இடங்கள் என்பதால் ஆய்வுக்கும் எவரும் வருவதில்லை. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநரகம் தமிழில் ஓர் எளிய ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் தயாரித்து, முதல் முறை பொருத்தும்போது ஓர் அலுவலரைக் கட்டணமின்றி அனுப்ப வேண்டும். அபராதம் போட அல்ல, வழிகாட்ட.

பயிற்சிக்குப் புதிய கட்டடம் தேவையில்லை. 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் ரூ.2,877 கோடியில் தொழில் 4.0 மையங்களாக மேம்படுத்தப்பட்டுள்ளன. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அங்கே வேலையில் இருக்கும் ஆபரேட்டர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சியைத் தமிழிலும் இந்தியிலும் நடத்தலாம்.

ரோபோ வந்தால் ஆள் குறைப்பு வரும் என்ற அச்சம் எங்கள் தொழிலாளர்களுக்கு இருக்கிறது, அது நியாயமானதும்கூட. மானியம் பெறும் பட்டறை, ஏற்கெனவே உள்ள ஆபரேட்டரை நீக்காமல் அவருக்கே கோபாட் பயிற்சி தர வேண்டும் என்று அரசு நிபந்தனை விதித்தால் எழுத்துமூலம் ஏற்கத் தயாராக இருக்கிறோம்.

தாங்கள் ஒரு நாள் ஒதுக்கித் தந்தால், ஓடிக்கொண்டிருக்கும் பட்டறை ஒன்றிலேயே இவற்றை நேரில் காட்டி விளக்குகிறோம். வரும் நிதியாண்டின் மானியக் கோரிக்கைக்கு முன் ஆணை கிடைக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்

நகல்: தொழில் வணிக ஆணையர், சென்னை, மாவட்ட ஆட்சியர், கோயம்புத்தூர், பொது மேலாளர், மாவட்டத் தொழில் மையம், கோயம்புத்தூர்.