3 என்பது நடுத்தரம் அன்று



லாச்சப்பலில் கடை நடத்தும் எம்மவரின் பிள்ளைகளும் இன்று பாடசாலையோடும் நண்பர்களோடும் அல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கச் செல்கின்றனர். பனி கண்டிராத மண்ணில் பிறந்த நாமோ, எதைக் கேட்பதென்று அறியாமலே சம்மதக் கடிதத்தில் ஒப்பமிடுகின்றோம்.

13.01.2016 அன்று லே டூஸ் அல்ப் மலையில், மூடப்பட்டிருந்த சறுக்குப்பாதையில் இறங்கிய லியோன் பாடசாலைக் குழுவொன்றைப் பனிச்சரிவு அள்ளிச்சென்றது. மாணவர் இருவரும், அவ்வழியே சென்ற உக்ரைன் நாட்டவர் ஒருவரும் உயிரிழந்தனர். அன்றைய ஆபத்து நிலை 5இல் 3.

பரீட்சைப் புள்ளிபோல 3 என்பதை நடுத்தரமாக எண்ணவேண்டாம். அந்நிலையில் தனியொருவரின் பாரமே சரிவைக் கிளப்பிவிடக்கூடும். புதையுண்டவர் உயிர்தப்பும் வாய்ப்புக் கால் மணி நேரத்துக்குப் பின் வேகமாகக் குறைகின்றது. மீட்புக்குழு வரும்வரை காத்திருக்க நேரமில்லை. உடனிருப்போரே தோண்டியெடுக்க வேண்டும்.

ஆகவே, பாதையை விட்டு மலைக்குள் செல்லவிருக்கும் பிள்ளையிடம் கேளுங்கள்: மெத்தெயோ பிரான்ஸின் இன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் படித்தாயா? புதையுண்டவரைத் தேடும் சமிக்ஞைக் கருவி, துழாவும் நீள்கோல், சவள் ஆகியவை ஒவ்வொருவரிடமும் உண்டா? அவற்றைக் கையாளப் பழகினீர்களா?

இளையோரே, மூடிய பாதையின் தடுப்புக் கயிற்றைத் தாண்டும்படி எவர் அழைத்தாலும், அவர் ஆசிரியரே ஆயினும், மறுக்கும் துணிவு வேண்டும். பெற்றோரே, மலையைத் தடைசெய்ய வேண்டியதில்லை. ஒப்பமிடுமுன் கேட்கப் பழகுவோம்.