பழுது பார்க்க வருபவரிடம் நோயை மறைக்கலாமா?

 

2022 ஜனவரி 6 முதல் தமிழகத்தில் மீண்டும் இரவு ஊரடங்கு நடப்புக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் முழு ஊரடங்கு இருந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய நாள்களில் வழிபாட்டுத் தலங்கள் மூடப்பட்டிருந்ததால் ஜும்ஆவுக்குக்கூடப் பள்ளிவாசலில் ஒன்றுகூட இயலவில்லை. தொழுகையும் ஓதலும் வீட்டுக்குள்ளேயே நடைபெற்றன. திருவண்ணாமலையில் தை பிறந்த பின்னும் விடியற்காலைக் குளிர் குறையவில்லை. பஜ்ருக்கு எழும் முதியவர்கள் உளூச் செய்ய வெந்நீர் தேவைப்படும் காலம் இது. கீசர் பழுதாவதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். உப்புத் தண்ணீர் ஏறும் வீடுகளில் காயிலின் மேல் உப்புப் படிந்து, ஒருநாள் அது எரிந்துபோகிறது. உடனே எலக்ட்ரீசியனுக்குத் தொலைபேசியில் அழைப்புப் போகிறது.

அந்த அழைப்பில் நாம் எதைச் சொல்கிறோம், எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். வீட்டில் ஒருவருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மற்றொருவருக்குத் தொண்டை வலி. பரிசோதனை செய்திருக்கலாம், செய்யாமலும் இருக்கலாம். “சொன்னால் அவர் வரமாட்டார், சொல்லாமல் இருந்துவிடுவோம்” என்று வீட்டுக்குள் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. பொய் எதுவும் சொல்லவில்லையே என்று மனமும் அமைதியடைகிறது. இது பொய் இல்லாவிட்டாலும் ஏமாற்று என்பதே என் கருத்து.

குவியலுக்குள் இருந்த ஈரம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்கள் நனைந்த செய்தியை நாம் அறிவோம். மழையில் நனைந்ததாக வணிகர் காரணம் கூறினார். அப்படியானால் மக்கள் காணுமாறு ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். முஸ்லிம் தொகுப்பில் இச்செய்தி பதிவாகியுள்ளது. அந்த வணிகர் வாயால் பொய் சொன்னதாகச் செய்தியில் இல்லை. குறையை அடியில் வைத்தார், அவ்வளவுதான்.

நம் வீட்டுக்கு வரும் பணியாளருக்கு நம் வீடே வேலைத்தலம். அதிலும் குளியலறை மிகச் சிறிய அறை. பல வீடுகளில் ஒரு சாண் அகல ஜன்னல் மட்டுமே இருக்கும். சில வீடுகளில் அதுவும் இல்லை. கீசரைக் கழற்றி, தண்ணீரை வடித்து, காயிலையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றி முடிக்கும் வரை அவர் அந்த அடைபட்ட காற்றையே சுவாசிக்க வேண்டும். கொரோனா காற்றில் பரவும் நோய். சற்று முன் அதே அறையில் காய்ச்சல்காரர் இருமியிருந்தால், அதுவே குவியலுக்கு அடியில் இருக்கும் ஈரம். அதை அறியும் உரிமை அவருக்கு உண்டு. அவர் வீட்டிலும் முதிய பெற்றோரும் குழந்தைகளும் இருப்பார்கள்.

வாசலில் சொல்லப்படும் மறுப்பு

அந்நூர் அத்தியாயம் வீட்டு வாசலின் ஒழுக்கத்தை நமக்குக் கற்பிக்கிறது. பிறர் வீட்டினுள் அனுமதி பெற்று, ஸலாம் கூறிய பின்னரே நுழைய வேண்டும். திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் திரும்பிவிட வேண்டும், அதுவே தூய்மையானது என்பது அதன் கருத்து. வாசலில் சொல்லப்படும் மறுப்பு அவமதிப்பு ஆகாது என்று நம் மார்க்கம் அன்றே தெளிவுபடுத்திவிட்டது. இந்த ஒழுக்கத்தை இருபுறமும் பொருத்திப் பார்க்கலாம். “இப்போது வராதீர்கள்” என்று வீட்டுக்காரர் சொல்லலாம். “இப்போது வர இயலாது” என்று பணியாளரும் சொல்லலாம். அவருடைய மறுப்பை நாம் மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சொல்லிவிட்டால் மட்டும் போதுமா?

உண்மையைச் சொல்லிவிட்டோம், வருவதும் வராததும் அவர் விருப்பம் என்று ஒதுங்கிவிடலாமா? அதுவும் போதாது. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் அவர் கடந்து வந்த பாதையை எண்ணிப் பாருங்கள். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் முடங்கியது. தமிழகத்தில் பிளம்பர், எலக்ட்ரீசியன், ஏ.சி. மெக்கானிக், தச்சர் போன்றோர் மே 4 முதல்தான், அதுவும் அனுமதி பெற்று, வேலைக்குச் செல்ல முடிந்தது. 2021 மே மாதம் மீண்டும் முடக்கம். ஜூன் 7 முதல் நம் மாவட்டம் உள்ளிட்ட மாவட்டங்களில் காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை இ-பதிவுடன் அவர்கள் இயங்கலாம் என்று அரசு அறிவித்தது. இதற்கிடையே பௌர்ணமி கிரிவலம் மாதக்கணக்கில் தடைபட்டது. 2020 கார்த்திகைத் தீபத்துக்கும் வெளியூர் மக்கள் வர இயலவில்லை. விடுதிகளும் கடைகளும் வெறிச்சோடியபோது அவற்றின் பராமரிப்பு வேலையை நம்பியிருந்தவர்களின் வருவாயும் நின்றது.

அப்படிப்பட்ட ஒருவரிடம் “வீட்டில் காய்ச்சல் இருக்கிறது, வருகிறீர்களா?” என்று கேட்டால், “பரவாயில்லை பாய், மாஸ்க் போட்டுக்கிட்டு வந்துடறேன்” என்றே அவர் சொல்வார். தண்டராம்பட்டிலிருந்தோ கலசபாக்கத்திலிருந்தோ இரு சக்கர வண்டியில் வந்து அன்றைய வருவாயை அன்றே ஈட்ட வேண்டியவருக்கு வேறு வழியில்லை. அந்தச் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று எண்ணி நாம் பயன்படுத்திக்கொள்ளலாகாது. தள்ளிப்போட வசதி படைத்தவர்கள் நாம். ஆகவே தள்ளிப்போடும் பொறுப்பும் நம்முடையதே.

எது அவசரம்?

பிரிட்டன் போன்ற குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் கருவி நின்றுவிட்டால் முதியவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அங்கேயும், தொற்றால் தனிமையில் இருக்கும் வீட்டில் பாதுகாப்புக்கு நேரடி ஆபத்தான பழுது, அவசரக் குழாய்ப் பழுது போன்றவற்றைத் தவிர வேறு வேலை செய்யலாகாது என்றே அரசு வழிகாட்டியது. நம் ஊர்க் குளிருக்கு ஒரு பானை வெந்நீர் போதும். அடுப்பில் காய்ச்சிக்கொள்ளலாம். கீசர் இல்லையென்று வாளியில் ஹீட்டர் ராடு போடுபவர்கள், சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்க வேண்டாம். சிறுவர்களை அருகில் விட வேண்டாம்.

குளிர்ந்த நீர் உடலுக்குத் தீங்கு தரும் என்று அஞ்சத்தக்க நிலையில், வெந்நீருக்கும் வழியில்லையென்றால், தயம்மும் என்ற சலுகையை மார்க்கம் வைத்திருக்கிறது. கடுங்குளிர் இரவொன்றில் குளிப்பு கடமையாகியிருந்த அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் உயிருக்கு அஞ்சித் தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழுகை நடத்தினார்கள். காரணத்தைக் கேட்டறிந்த நபியவர்கள் (ஸல்) புன்னகைத்தார்கள், கண்டிக்கவில்லை. இவ்வளவு எளிமை இருக்கும்போது, நம் உளூவின் வசதிக்காக இன்னொருவரின் நலத்தைப் பணயம் வைப்பது எப்படி வணக்கமாகும்?

நோயாளிக்கு மூன்று நாள் தொடர்ந்து காய்ச்சல் இல்லாமல், குறைந்தது ஏழு நாள் கழிந்தால் வீட்டுத் தனிமை முடிகிறது என்று மத்திய அரசு 2022 ஜனவரியில் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல் கூறியது. காயில் மாற்றும் வேலை அந்த ஒரு வாரம் காத்திருக்கும்.

கசிந்து சுவரில் ஷாக் அடிக்கும் மின்சாரமும், ஒரு சொட்டு நீரும் ஏறாமல் நின்றுபோன மோட்டாரும், எரிவாயுக் கசிவும் காத்திருக்க மாட்டா. அப்போது முதலில் அழைப்பிலேயே உண்மையைச் சொல்லுங்கள். நோயாளி தனி அறையில் கதவை அடைத்து இருக்கட்டும். வேலை நடக்கும் அறையின் ஜன்னல்களை முன்கூட்டியே திறந்து காற்றோட்டம் ஏற்படுத்துங்கள். மற்றவர்கள் மாடியிலோ முற்றத்திலோ இருக்கலாம். வீட்டு ஆண்கள் நோயுற்றுப் பெண்கள் மட்டும் இருக்கும் நிலையில், உறவினரோ அண்டை வீட்டுப் பெரியவரோ முகக்கவசத்துடன் வாசலில் நின்று வேலையைக் கவனிக்கலாம்.

“தெரு முழுக்கத் தெரிந்துவிடுமே!”

மறைப்பதற்குச் சொல்லப்படும் முதன்மையான காரணம் இந்த அச்சம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2020இல் டெல்லி நிஜாமுத்தீன் மாநாட்டை முன்வைத்து ஒரு சமுதாயத்தையே நோயின் உருவமாகச் சித்திரித்தார்கள். நாட்டின் சில பகுதிகளில் முஸ்லிம் வியாபாரிகளைத் தெருவுக்குள் விடவும் மறுத்தார்கள். அந்த வடு நம் நெஞ்சில் இருக்கிறது. ஆயினும், நமக்கு அன்று அநீதி இழைத்தவர் இந்த எலக்ட்ரீசியன் அல்லர். நாம் மறைத்து, அதனால் அவர் நோயுற்றால், அன்று சொல்லப்பட்ட பழிக்கு நாமே ஒரு சான்றைத் தயாரித்துக் கொடுத்தவர்கள் ஆவோம்.

“எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்” என்பது மற்றொரு பதில். நாட்டத்தின் மீது நம்பிக்கை கொண்டவர்களில் உமர் (ரலி) அவர்களுக்கு நிகராக நாம் யார்? ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியதை அறிந்து அவர்கள் ஸர்கு என்னுமிடத்திலிருந்து திரும்பினார்கள். விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக விடையளித்தார்கள். பிறரைக் காப்பதும் தவக்குலின் ஒரு பகுதியே.

கூலியும் கண்ணியமும்

வேலையாளின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்குமாறு பணித்தது நம் மார்க்கம். நோய்க்காலத்தில் அதற்கு மேலும் ஒரு படி வேண்டும். வரச் சொல்லிவிட்டுப் பின்னர் நோய் தெரிந்து தடுத்தால், அவருடைய பெட்ரோல் செலவையும் இழந்த நேரத்தையும் எண்ணி ஏதேனும் கொடுங்கள்; அடுத்த வாரம் அதே வேலையை அவருக்கே கொடுங்கள். தேநீரைக் காகிதக் கோப்பையில் கொடுப்பதானால், அந்நாளில் எல்லா விருந்தினருக்கும் அதிலேயே கொடுங்கள். இடைவெளி நோய்க்கானது, அவருடைய தொழிலுக்கோ சாதிக்கோ ஆனதல்ல. நோய் விலகியதும் அந்த இடைவெளியும் விலக வேண்டும்.

நம் வீட்டுக்குள் வரும் ஒவ்வொருவரும், வெளியேறும் வரை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். வந்தபோது இருந்த நலத்தோடு அவரைத் திருப்பி அனுப்பும் இல்லங்களாக நம் இல்லங்களை அல்லாஹ் ஆக்குவானாக! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவையும், உழைப்போருக்குத் தடையற்ற ரிஸ்கையும் வழங்குவானாக! ஆமீன்.