உப்பும் உடல் எடையும்: பேசப்படாத தொடர்பு

சிங்கப்பூரில் உப்பைப் பற்றிய பேச்சு ரத்தக் கொதிப்பில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. 2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, இங்கு வசிப்போர் நாளொன்றுக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கின்றனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2,000 மில்லிகிராம். ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்பு. பத்தில் ஒன்பது பேர் அதைத் தாண்டுகின்றனர். உடற்பருமன் விகிதமும் 2019-2020ல் 10.5 விழுக்காட்டிலிருந்து 2023-2024ல் 12.7 விழுக்காடாக ஏறியுள்ளது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்போர் குறைவு.

சிறுகுடலில் குளுக்கோஸ் பெரும்பாலும் சோடியத்தின் துணையோடுதான் உயிரணுக்களுக்குள் நுழைகிறது. வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுப்பதும் இதனால்தான். ஆகவே உப்பைக் குறைத்தால் சர்க்கரை உடம்பில் சேராது என்று சிலர் முடிவுகட்டிவிடுகின்றனர். அது சரியன்று. குடலுக்கு வேண்டிய சோடியத்தைச் செரிமான நீரே கொண்டுவந்துவிடும். பருப்பிலும் ரொட்டியிலும் உப்பு சேர்த்தபோது ரத்தச் சர்க்கரை கூடியதாக 1986ல் ஓர் ஆய்வு கூறியது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் ஆறு பேர்தான்.

சிக்கல் குடலைவிட நாக்கில்தான் அதிகம். ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகம் 2016ல் 48 பேருக்கு மக்ரோனி கொடுத்துப் பார்த்தது. உப்பிட்டதை அவர்கள் 11 விழுக்காடு கூடுதலாகச் சாப்பிட்டனர். லண்டன் ஆய்வாளர்கள் 2015ல் வெளியிட்ட ஆய்விலோ, தினசரி உப்பு ஒரு கிராம் கூடும்போது உடற்பருமன் அபாயம் பெரியவர்களிடம் 26, பிள்ளைகளிடம் 28 விழுக்காடு அதிகமாகக் காணப்பட்டது. உப்புதான் காரணம் என்பதற்கு இது நிரூபணம் ஆகாது. என்றாலும் ஒதுக்கிவிடக்கூடிய எண்ணும் அல்ல.

ஒரு தட்டு மீ கோரிங், தாகத்துக்கு ஒரு கிளாஸ் பண்டோங். உப்பு தாகத்தைத் தூண்ட, தாகம் இனிப்புப் பானத்தைத் தேடுகிறது. கலோரி ஏறும் வழி இப்படித்தான்.

2027 நடுப்பகுதியிலிருந்து பொட்டலமிட்ட உப்பு, சாஸ், உடனடி நூடல்ஸ் போன்றவற்றுக்கும் ‘நியூட்ரி-கிரேட்’ குறியீடு வருகிறது. நல்ல முடிவுதான். ஆனால் சாஸ் போத்தலில் ஒட்டிய எழுத்து உணவங்காடிக் கடைக்காரரின் கரண்டியில் தெரியாது. வெளியே சாப்பிடும் பழக்கம் மிகுந்த ஊரில் இது பெரிய ஓட்டை. சோடியம் குறைந்த உப்பு விலை கூடியது; அதில் பொட்டாசியம் இருப்பதால் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரிடம் கேட்டே பயன்படுத்த வேண்டும்.

தேநீரில் சீனி குறைவாக வேண்டுமென்றால் ‘சியூ டாய்’ என்றால் போதும், கடைக்காரருக்குப் புரிந்துவிடும். உப்புக்கு அப்படி ஒரு சொல் இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை.