பூட்டிய வீடுகளும் வீடு கிடைக்காதவர்களும்

சிறு நகரங்களில் எந்த வீடு காலியாகிறது என்ற தகவல் டீக்கடையிலும் மளிகைக்கடையிலும்தான் புழங்குகிறது. ‘டு-லெட்’ பலகை தொங்குவதற்குள் வீடு கைமாறிவிடும். மாற்றலாகி வந்து இறங்கும் செவிலியருக்கும் ஆசிரியருக்கும் அங்கே தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள். புரோக்கரைப் பிடிக்க வேண்டும். அவருக்கு ஒரு மாத வாடகை அழ வேண்டும். அடுத்தது வீட்டுக்காரரின் விசாரணை. எத்தனை பேர், சைவமா அசைவமா, சொந்த ஊரில் எந்தத் தெரு? கடைசிக் கேள்வி சாதியைத்தான் விசாரிக்கிறது என்பது இரு தரப்புக்குமே தெரியும். கல்யாணமாகாதவர் என்றால் பேச்சு வாசலோடு முடிந்துவிடும்.

இத்தனைக்கும் வீட்டுக்குப் பஞ்சமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்திய நகர்ப்புறங்களில் 1 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் காலியாக இருந்தன. நகரங்களில் 1961இல் 54 சதவீதமாக இருந்த வாடகை வீடுகளின் பங்கு, 2011இல் 28 சதவீதமாகச் சரிந்துவிட்டதாக 2017-18ஆம் ஆண்டின் மத்திய அரசுப் பொருளாதார ஆய்வறிக்கை சொல்கிறது.

ஏன் பூட்டி வைக்கிறார்கள்? பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருப்பார்கள். “வாடகைக்கு விட்டால் காலி பண்ண மாட்டான், கோர்ட்டுக்கு யார் அலைவது?” என்பது வீட்டுக்காரர்களின் பொதுவான பயம். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தமிழகத்தின் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஒருவரைக் காலி செய்ய வைக்கும் வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தன. ஓய்வூதியம் இல்லாத பெரியவருக்கு மாடி வாடகைதான் மருந்துச் செலவு. அது நின்றுபோனால் அவரும்தான் என்ன செய்வார்?

ஆனால் அந்தச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். இதற்கென இணையதளமும் உண்டு. கெடு முடிந்தும் காலி செய்யாதவர் இரட்டிப்பு வாடகை தர வேண்டும். வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி ஆளைத் துரத்த முடியாது. இரு தரப்புக்கும் பாதுகாப்பு இருக்கிறது. ஆனாலும் ஊர்களில் இன்றும் வெறும் முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தாளைக்கூடக் கொடுக்காத வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள்.

தாள் இல்லாவிட்டால் இழப்பு வாடகையோடு நிற்பதில்லை. ஆதாரில் முகவரி மாற்ற, எரிவாயு இணைப்பு வாங்க, எல்லாவற்றுக்கும் குடியிருப்புச் சான்று கேட்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் பிள்ளையைச் சேர்ப்பதற்கு வீடு பள்ளிக்கு அருகில் இருப்பதைக் காட்ட வேண்டும். வருடக்கணக்காக வாடகை கட்டியும் அந்தக் குடும்பம் காகிதத்தில் வேறு ஊர்க்காரர்களாகவே இருக்கும்.

அட்வான்ஸ் அடுத்த சுவர். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது சட்டம். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும். வீடு வேண்டும் என்று நிற்பவர் எதில்தான் கையெழுத்துப் போடமாட்டார்? மாதம் 15,000 ரூபாய் சம்பளக்காரர் 5,000 ரூபாய் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத அட்வான்ஸ் 50,000, புரோக்கருக்கு 5,000, முதல் மாத வாடகை 5,000. பால் காய்ச்சும் முன்பே நான்கு மாதச் சம்பளம் போய்விட்டது. மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று தமிழகச் சட்டத்தில் உள்ள விதிவிலக்கை நீக்குவதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

மாத வாடகையிலிருந்து தப்பிக்கச் சிலர் ஒத்திக்குப் போகிறார்கள். மூன்று, நான்கு லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருக்கலாம். காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். வீட்டுக்காரர் அந்தப் பணத்தை மகள் கல்யாணத்துக்குச் செலவழித்திருந்தால், அடுத்த ஒத்திக்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பதிவு செய்யாத ஒத்திப் பத்திரத்தை வைத்துக்கொண்டு வழக்காடுவதும் எளிதல்ல. நகையை அடகு வைத்துச் சேர்த்த பணம் அது.

மின்கட்டணத்திலும் இதே கதை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஒவ்வொரு வீட்டு இணைப்புக்குமான சலுகை. காம்பவுண்டு வீட்டில் நாலு குடும்பத்துக்கு ஒரே இணைப்பு, ஆளுக்கொரு துணை மீட்டர், யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொல்லும் விலை. அரசு கொடுக்கும் மானியம் குடியிருப்பவர் கைக்கு வருவதே இல்லை.

அரசு நினைத்தால் கட்டித் தர முடியும் என்பதற்கு ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகால் சாட்சி. அங்கே அரசு நிறுவனமான சிப்காட் சுமார் 706 கோடி ரூபாயில் எழுப்பிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலைபார்க்கும் 18,720 பெண்கள் அங்கே தங்கலாம். வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பல ஊர்களில் அரசின் ‘தோழி’ விடுதிகளும் வந்துவிட்டன. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் இரண்டுமே தனியாக வருபவர்களுக்கானவை. பெரிய ஆலை எதுவும் இல்லாத ஊரில், இரண்டு பிள்ளைகளோடு வந்து சேரும் குடும்பத்துக்காகப் பேச எந்த நிறுவனமும் இல்லை.

அந்தக் குடும்பத்துக்கு உதவப் புதுக் கட்டடமே தேவையில்லை. வேலையை நகராட்சியிலிருந்து தொடங்கலாம். சொத்துவரிப் பதிவேட்டில் ஊரின் ஒவ்வொரு வீடும் இருக்கிறது. எந்த வீட்டில் மீட்டர் ஓடவில்லை என்பது மின்வாரியத்துக்குத் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டால் பூட்டிய வீடுகளின் பட்டியல் கிடைத்துவிடும். பதிவு செய்த ஒப்பந்தத்தோடு வாடகைக்கு விடுபவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் சொத்துவரியில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்யலாம். வாடகை அதிகாரியைத் தேடிக் கோட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறாமல், பக்கத்து இ-சேவை மையத்திலேயே பதிவை முடித்துக்கொள்ள ஏற்பாடு வேண்டும். காலி வீடுகளின் பட்டியலை, சம்மதித்த உரிமையாளர்களின் வாடகை விவரத்தோடு, நகராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டினால் புரோக்கருக்குப் போகும் ஒரு மாத வாடகையாவது மிஞ்சும்.