போன மாத மருந்துக்கு இந்த மாதம் வேலைநீக்கம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2014-ஆம் ஆண்டு ஒரு பெண்ணுக்கு வேலை கிடைத்தது. சூப்பர் மார்க்கெட்டில் நின்று புதுப் பொருள்களை வாடிக்கையாளர்களுக்கு அறிமுகப்படுத்தும் சாதாரண வேலை. அவருக்குக் குரோன்ஸ் என்னும் குடல் அழற்சி நோய். பசியே எடுக்காது, உடம்பில் எடை தங்காது. மருத்துவரின் எழுத்துப்பூர்வமான சான்றின் பேரில், வாரத்தில் இரண்டு மூன்று நாள், மாலை வேளையில், வீட்டில் இருந்தபடி கொஞ்சம் கஞ்சா எடுத்துக்கொண்டார். எடை ஏழு கிலோ போல ஏறியது, ஏறிய எடை குறையாமல் நிலைத்தது.

வேலைக்குச் சேரப் போதைப் பரிசோதனை உண்டு என்றதும் அவர் எதையும் ஒளிக்கவில்லை. மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் சிக்கல் வராது என்று பதில் கிடைத்தது. பிறகு அதை உறுதியும் செய்தார்கள். செப்டம்பர் 5-ஆம் தேதி சிறுநீர் மாதிரி கொடுத்தார். பயிற்சிக்குப் போனார். முதல் நாள் வேலையை முடித்தார். அன்று மாலையே மனிதவளத் துறையிலிருந்து அழைப்பு: பரிசோதனையில் கஞ்சா தெரிந்துவிட்டது, வேலை இல்லை. மருந்து என்று அவர் எவ்வளவோ சொல்லியும் எடுபடவில்லை. நாங்கள் பின்பற்றுவது கூட்டாட்சிச் சட்டத்தை, மாநிலச் சட்டத்தை அல்ல என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவக் கஞ்சாவும் வேலைவாய்ப்பும் பற்றிய விவாதங்களில் அடிக்கடி பேசப்படும் ‘பார்புட்டோ வழக்கு’ இதுதான்.

அந்த மனிதவள அலுவலர் சொன்னதற்குச் சட்டத்தில் அடிப்படை இல்லாமல் இல்லை. 1970-இல் கொண்டுவரப்பட்ட கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து முதல் அட்டவணையில் வைத்தது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவப் பயன் ஏதும் இல்லாதவை என்று அரசு கருதும் பொருள்களின் பட்டியல் அது. 1996-இல் கலிபோர்னியா வாக்காளர்கள் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தார்கள்; அதைத் தொடர்ந்து மாநிலம் மாநிலமாகக் கதவு திறந்தது. ஆனால், மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சி அரசு தடுக்கலாம் என்று 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சொல்லிவிட்டது. ஒரே நாட்டில், ஒரே வீட்டில், ஒரே மருந்துப் பொட்டலம் ஒரு சட்டத்துக்கு மருந்தாகவும் இன்னொரு சட்டத்துக்குக் குற்றமாகவும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது நோயாளியின் வேலைதான்.

இத்தகைய சிறுநீர்ப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறையின் விதிப்படி, பரிசோதனைக்கு வருபவர் சட்டைப் பைகளைக் காலி செய்ய வேண்டும். கழிப்பறைத் தொட்டித் தண்ணீரில் நீலச் சாயம் கலந்திருப்பார்கள். அந்தத் தண்ணீரை ஊற்றி மாதிரியை நீர்க்கச் செய்துவிடக் கூடாது என்பதற்காக. குழாயையும் அடைத்திருப்பார்கள். கோப்பையை வாங்கிய நான்கு நிமிடத்துக்குள் அதில் ஒட்டியிருக்கும் வெப்பப் பட்டையைப் பார்த்து, 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று குறித்துக்கொள்வார்கள். ஏமாற்ற முடியாதபடி அவ்வளவு கவனம்.

இத்தனை கவனத்தோடு அந்தக் கோப்பையில் தேடப்படுவது எது? போதையைத் தருவது டி.எச்.சி. என்ற வேதிப்பொருள். சிறுநீரில் தேடுவது அதை அல்ல. உடம்பு அதை உடைத்து முடித்த பிறகு மிஞ்சுகிற, போதையே இல்லாத எச்சத்தை. முதற்கட்டச் சோதனையில் மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம், உறுதிசெய்யும் சோதனையில் 15 நானோகிராம் என்பது வரம்பு. கஞ்சாவைப் புகைத்தால் அதன் மயக்கம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆனால் டி.எச்.சி. கொழுப்பில் கரைவது, அதனால் உடம்பின் கொழுப்பிலேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வரும். எப்போதோ ஒருமுறை எடுத்தவருக்கு அதன் எச்சம் சில நாளில் போய்விடும். நாள்தோறும் எடுக்கும் நோயாளிக்கு மூன்று நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மூக்குமுட்டக் குடித்தவர் செவ்வாய்க்கிழமை ஊதிக் காட்டித் தேறிவிடுவார். மருத்துவர் சொன்னபடி தவறாமல் மருந்து எடுக்கும் நோயாளி வாரக்கணக்கில் தேற மாட்டார். இன்று காலை கை நடுங்குகிறதா, நிதானமாக இருக்கிறாரா என்ற கேள்விக்கு இந்தக் கோப்பையில் பதில் கிடையாது. பதில் சொல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு ஆளை வெளியே அனுப்புவதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

கொலராடோவின் பிராண்டன் கோட்ஸ் வழக்கைப் படிக்கும் எவருக்கும் மனம் கனக்கும். பதினாறு வயதில் கார் விபத்து. கை கால் செயலிழந்து சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். தசைகள் தாமாகத் துடித்து இழுக்கும். அதை அடக்க 2009-இல் மாநில உரிமம் பெற்று, வேலை நேரத்துக்கு வெளியே, வீட்டில் கஞ்சா எடுத்தார். டிஷ் நெட்வொர்க் நிறுவனத்தில் வாடிக்கையாளர்களிடம் தொலைபேசியில் பேசும் வேலை. பணியிடத்தில் அவர் போதையில் இருந்தார் என்று நிறுவனமே சொல்லவில்லை. 2010-இல் திடீர்ப் பரிசோதனை ஒன்றில் மாட்டினார், வேலை போயிற்று.

வேலை நேரத்துக்கு வெளியே செய்யும் சட்டப்படியான செயலுக்காக ஒருவரை வேலைநீக்கம் செய்யக் கூடாது என்று கொலராடோவில் ஒரு சட்டம் இருக்கிறது. வழக்கு முழுவதும் ‘சட்டப்படியான’ என்ற அந்த ஒரு சொல்லில் வந்து நின்றது. எந்தச் சட்டப்படி? மாநிலச் சட்டமும் கூட்டாட்சிச் சட்டமும் இரண்டுமே அனுமதித்தால்தான் அது சட்டப்படியானது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2015 ஜூனில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பிருந்தே, அதாவது 2014 ஜனவரி முதல் தேதியிலிருந்தே, கொலராடோவில் கஞ்சாக் கடைகள் வெளிப்படையாகத் திறந்திருந்தன. பொழுதுபோக்குக்கு வாங்கலாம். மருந்தாக எடுத்துக்கொண்டவருக்கு வேலை இல்லை.

மிச்சிகனிலும் ஒரு சொல்தான். மூளையில் கட்டியோடு வால்மார்ட் கடை ஒன்றில் வேலை பார்த்தவர், 2008-இல் அந்தக் கடையின் சிறந்த ஊழியர், வேலையின்போது முழங்கால் பிசகியதால் பரிசோதனைக்கு உள்ளாகி வேலையை இழந்தார். மாநிலச் சட்டத்தில் இருந்த ‘வணிகம்’ என்ற சொல் தனியார் முதலாளியைக் குறிக்காது, உரிமம் தரும் வாரியத்தைத்தான் குறிக்கும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-இல் முடிவு செய்தது. நீதிபதிகளைக் குறை சொல்வதில் பயனில்லை. தேர்தலில் வாக்குக் கேட்டு இந்தச் சட்டங்களைக் கொண்டுவந்தவர்கள் நோயாளியைக் காவல் நிலையத்திலிருந்து காப்பாற்ற நினைத்தார்கள்; அலுவலகத்திலிருந்து காப்பாற்ற வேண்டிவரும் என்று எழுதிவைக்கவில்லை.

முதலாளிகள் தரப்பின் அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. 1987 ஜனவரி 4-ஆம் தேதி மேரிலாந்தின் சேஸ் என்ற இடத்தில், நிறுத்தச் சமிக்ஞையைக் கடந்து வந்த ரயில் எஞ்சின்களின் மீது பயணிகள் ரயில் மோதி 16 பேர் இறந்தார்கள். எஞ்சினை ஓட்டியவர் கஞ்சா எடுத்திருந்தார். விமானிகள், லாரி ஓட்டுநர்கள், ரயில் ஊழியர்களுக்குப் பரிசோதனையைக் கட்டாயமாக்கிய 1991-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் அந்த உயிர்கள் இருக்கின்றன. மருத்துவச் சான்று காட்டினாலும் இவர்களுக்கு விலக்குக் கிடையாது. ரத்தத்தில் டி.எச்.சி.யின் அளவு இவ்வளவு என்றால் தடுமாற்றம் இவ்வளவு என்று மதுவுக்குச் சொல்வதுபோல் கஞ்சாவுக்குச் சொல்ல முடியாத நிலையில், ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போகும் ஓட்டுநரிடம் கண்டிப்பாக இருப்பது சரியே. அவருக்கு வேறு வேலையாவது தர வேண்டும் என்பேன். ஸ்டியரிங்கைக் கொடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொலைபேசியில் புகார் கேட்பவருக்கும், கடையில் தட்டேந்தி நிற்பவருக்கும் ரயில் ஓட்டுநரின் அளவுகோலை நீட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

முதுகுவலிக்கு ஒருவர் ஆக்ஸிகோடோன் மாத்திரை சாப்பிடுகிறார் என்று வையுங்கள். ஓபியாய்டு வகை, பழக்கமாகிவிடக்கூடியது. அவரது சிறுநீரில் அது தெரிந்தால், மருத்துவ ஆய்வு அலுவலர் தொலைபேசியில் அழைத்து மருந்துச் சீட்டைக் கேட்பார். சீட்டு சரியாக இருந்தால் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே முடிவு எழுதப்படும். அமெரிக்காவில் போதை மருந்துகள் மிகுந்து இறந்தவர்கள் 2021, 2022 ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பகுதி ஓபியாய்டுகளால். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டி.எச்.சி.யையே ஆய்வுக்கூடத்தில் செய்து ட்ரொனாபினால் என்ற குளிகையாக விற்கிறார்கள். கீமோதெரபி வாந்திக்காக 1985-இல் அனுமதி பெற்ற மருந்து. அதை விழுங்கியவரின் சிறுநீரிலும் அதே எச்சம்தான் வரும். சீட்டைக் காட்டினால் வேலை தப்பிக்கும். மூலக்கூறு ஒன்றே, செடியிலிருந்து வந்தால் வேலைநீக்கம், குளிகையில் வந்தால் சிகிச்சை.

பார்புட்டோ வழக்கில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. தலைமை நீதிபதி ரால்ஃப் கான்ட்ஸ் எழுதிய தீர்ப்பு, கூட்டாட்சிச் சட்டப்படி வழக்கு வந்தால் மாட்டப்போவது கஞ்சா எடுக்கும் ஊழியர் மட்டுமே, நிறுவனம் அல்ல என்று சுட்டிக்காட்டியது. தனக்கு இல்லாத ஆபத்தைக் காரணம் காட்டி நிறுவனம் எப்படி விலக முடியும்? வேறு எந்த மருந்தும் இதே அளவுக்குப் பலன் தராது என்றால், விதியில் அவருக்கு ஒரு விலக்கு அளிப்பது மாற்றுத்திறனாளிக்குச் செய்ய வேண்டிய நியாயமான ஏற்பாடுகளில் ஒன்று என்றது நீதிமன்றம். எல்லாவற்றுக்கும் முன், நிறுவனம் ஊழியரை அழைத்து உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும், அதுவே கடமை என்றது.

பின்வந்த மாற்றங்கள் பல. வேலைக்கு முந்தைய கஞ்சாப் பரிசோதனையை நெவாடாவும் நியூயார்க் நகரமும் 2020-இல் கட்டுப்படுத்தின. அடுத்த ஆண்டு அமேசான், போக்குவரத்துத் துறை விதிகளுக்கு உட்படாத வேலைகளுக்கு இந்தப் பரிசோதனையைக் கைவிட்டது. 2008-இல் முதலாளிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்த கலிபோர்னியாவில், போதையற்ற எச்சத்தைத் தேடும் சோதனையை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் 2024 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டடத் தொழிலாளர்களை அதிலிருந்து ஒட்டுமொத்தமாக விலக்கிவைத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. முதுகும் முழங்காலும் அதிகம் தேய்வது அவர்களுக்குத்தான்.

கலிபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் மாநிலச் சட்டத்தை மட்டும் படித்துவிட்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. குடிவரவு முழுக்கவும் கூட்டாட்சியின் கையில். மாநிலம் அனுமதித்த கஞ்சாவைப் பயன்படுத்தியதும், மாநில உரிமத்தோடு நடக்கும் கஞ்சா நிறுவனத்தில் வேலை பார்த்ததும்கூட, குடியுரிமைக்குத் தேவையான ‘நன்னடத்தை’க்குத் தடையாகலாம் என்று அமெரிக்கக் குடியுரிமைத் துறை 2019 ஏப்ரலில் அறிவித்தது. முதலாளி மன்னித்துவிட்ட மருந்தைக் குடியுரிமை அதிகாரி மன்னிக்க வேண்டியதில்லை. குடியுரிமை நேர்காணலில் வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்த பிறகுதான் கேள்விகள் தொடங்கும். மேலாளரிடம் ஒளிக்காமல் சொன்ன அந்த மாசசூசெட்ஸ் பெண்ணைப் போல, புற்றுநோயோடு போராடும் ஒருவர் அங்கேயும் உண்மையைத்தான் சொல்லியாக வேண்டும்.