வாசல் இல்லாத கோலம்

"இது என்ன?" என்பதைப் போலப் பொல்லாத கேள்வி உலகில் வேறொன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக இந்தக் கேள்வியைக் கேட்டே நாம் ஜீவனம் செய்து வருகிறோம். கரும்பலகையில் மூன்று கோடுகளை இழுத்துவிட்டு, "இது என்ன?" என்போம். பையன் எழுந்து, "முக்கோணம், ஸார்!" என்பான். அத்துடன் அவனுக்கும் திருப்தி, நமக்கும் திருப்தி. ஆனால், சென்ற மார்கழியில் இதே கேள்வியை நம் வீட்டிலேயே ஒருவரிடம் கேட்டு நாம் அடைந்த வெட்கத்தை நேயர்களிடம் சொல்லித்தான் தீரவேண்டும்.

நமக்கு ஒரு தமக்கையார் உண்டு. நம்மைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். தாயார் காலமான பிறகு நம்மை வளர்த்து ஆளாக்கியவர் அவரே. நாற்பது வருஷ காலம் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவதை அவர் தவறவிட்டதில்லை. மார்கழி பிறந்துவிட்டாலோ, தெருவில் பாதியை அடைத்துவிடுவார். பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, சுவர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார்.

இரண்டு வருஷங்களுக்கு முன் அக்காவுக்குப் பக்கவாதம் கண்டது. உயிர் பிழைத்தார், பேச்சும் திரும்பிற்று, வலது கை மட்டும் திரும்பவில்லை. அந்த வருஷத்து மார்கழியில் எதிர்வீட்டுப் பெண் வந்து நம் வாசலிலும் சேர்த்துக் கோலம் போட்டாள். அக்கா தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "பனி" என்றார். அன்று பனி அவ்வளவாக இல்லை.

அடுத்த வருஷம் கல்லூரி விடுமுறைக்கு வந்த பேத்தி ஒரு காரியம் செய்தாள். தன்னுடைய டேப்லெட்டைப் பாட்டியின் மடியில் வைத்து, பாட்டியின் இடது கை ஆள்காட்டி விரலைப் பிடித்துத் திரையின் மேல் இழுத்தாள். விரல் போன வழியெல்லாம் ஒரு நீலக் கோடு ஓடிற்று. "அட!" என்றார் அக்கா. அந்த 'அட!'வை வெகு நாளாக நாம் அந்த வீட்டில் கேட்டதில்லை.

ஒரு வாரம் சென்று, மாலையில் பள்ளியிலிருந்து திரும்பிய நாம் திரையை எட்டிப் பார்த்தோம். சாய்வாக இருபது முப்பது கோடுகள். ஒவ்வொன்றும் வெள்ளத்தில் நிழல் ஆடுவதுபோல் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு மூலையில் காவி நிறம் அப்பிக் கிடந்தது. உபாத்தியாயர் புத்தி எங்கே போகும்? "இது என்ன, அக்கா? தென்னந்தோப்பா? கோபுரமா?" என்று கேட்டுவிட்டோம்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "ஏண்டா தம்பி, நாற்பது வருஷம் வாசலில் கோலம் போட்டேனே. என்றைக்காவது, 'இது என்ன?' என்று கேட்டிருக்கிறாயா?" என்றார்.

நமக்குப் பதில் கிடைக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், அக்கா சொன்னது முற்றிலும் நியாயம். எந்த உருவத்தையும் பின்பற்றாமல், கோட்டையும் வர்ணத்தையும் கொண்டே அமைக்கும் சித்திரத்துக்கு அரூபச் சித்திரம் என்று பெயர். அது மேனாட்டாரின் கிறுக்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால், புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் சிக்குக் கோலம் எந்த உருவத்தைக் காட்டுகிறது? ஒன்றையும் இல்லை. ஒரு விதி இருக்கிறது, அந்த விதிக்குள் கை விளையாடுகிறது, அவ்வளவே. இந்த விதியைக் கம்ப்யூட்டர் சாஸ்திர ரீதியாக ஆராய்ந்தவர்களும் நம்மிடையே உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-ல் கோலத்துக்கு இலக்கணம் வகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆகவே, வாசலிலிருந்து கம்ப்யூட்டர் திரைக்குப் போகும் பாதையை நம் நாட்டு அறிஞர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டுவிட்டார்கள்.

வெட்கத்தைத் தீர்த்துக்கொள்ளும் பொருட்டு அன்றிரவு சில புத்தகங்களைப் புரட்டினோம். அக்காவைப்போல் கோடுகளோடு வாழ்ந்த ஓர் அம்மையாரை அங்கே சந்தித்தோம்.

வேரா மோல்னார் என்பது அவர் பெயர். 1924-ல் ஹங்கேரி தேசத்துப் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். அங்கே சித்திரக் கலை பயின்று, 1947-ல் பாரிஸுக்குச் சென்று அங்கேயே வாழ்ந்தார். கோடும் சதுரமும் வட்டமுமே அவருடைய பிரபஞ்சம். 1959 முதல் அவர் ஒரு வினோதம் செய்தார். தம்மிடம் ஒரு யந்திரம் இருப்பதாகப் பாவனை செய்துகொண்டார்! 'இந்தக் கோட்டை இத்தனை தடவை போடு. ஒவ்வொரு தடவையும் இவ்வளவு நகர்த்து' என்று விதி வகுத்துக்கொண்டு, தாமே யந்திரமாக உட்கார்ந்து கையால் வரைந்தார். அதற்குக் 'கற்பனை யந்திரம்' என்று பெயரும் சூட்டினார்.

1968-ல் பாரிஸில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அசல் கம்ப்யூட்டரே அவருக்குக் கிடைத்தது. அந்நாளில் விரலால் தொட்டு வரையும் வசதி ஏது? கட்டளைகளை அட்டையில் துளைகளாக இட்டு யந்திரத்துக்கு ஊட்டவேண்டும். பேனா பிடித்த யந்திரக் கை ஒன்று காகிதத்தின் மேல் நகர்ந்து கோடு இழுக்கும். அது இழுத்து முடிக்கிறவரையில் சித்திரம் எப்படி வரும் என்பது தெரியாது. அவர் பொறுமையுடன் காத்திருந்தார். சதுரங்களை ஒழுங்காக அடுக்கச் சொல்வார். பிறகு சிறிது கலைக்கச் சொல்வார். இன்னும் சிறிது கலைக்கச் சொல்வார். 'நூற்றுக்கு ஒரு பங்கு ஒழுங்கின்மை' என்றே ஒரு படைப்புக்குப் பெயர் வைத்தார்.

இதெல்லாம் கணக்கு விளையாட்டுத்தானே, இதில் இதயத்துக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். மேலே கேளுங்கள்.

மோல்னாரின் தாயார் வாரந்தோறும் மகளுக்குக் கடிதம் எழுதுவார். ஒவ்வொரு வரியும் இடது ஓரத்தில் நிமிர்ந்து, கண்டிப்பாகத் தொடங்கும். வலது ஓரத்தை நெருங்க நெருங்க அமைதி இழந்து பதறும். வயது ஏற ஏற அந்தப் பதற்றம் வரி முழுவதும் பரவிற்று. பிறகு தாயார் மறைந்தார், கடிதங்களும் நின்றன. மகள் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கையெழுத்தின் நடையைக் கம்ப்யூட்டருக்குக் கற்பித்தார். இடது பக்கம் ஒழுங்கு, வலது பக்கம் கலக்கம் என்று விதி வகுத்து, அம்மாவின் கடிதங்களைத் தாமே தமக்கு எழுதிக்கொண்டார்! 'என் தாயாரின் கடிதங்கள்' என்ற வரிசையாக அவை 1980-களில் வெளிவந்தன. அவற்றில் படிக்கக்கூடிய ஓர் எழுத்தும் கிடையாது, வெறும் கோடுகள். ஆயினும் அவற்றைப் பார்க்கும்போது, தள்ளாத கை ஒன்று விளக்கடியில் எழுதிக்கொண்டிருப்பது நம் கண்முன் நிற்கிறது. உருவம் இல்லாத சித்திரத்தில் அர்த்தம் இல்லை என்று இனி நாம் எப்படிச் சொல்வது?

இந்த அம்மையாரின் படைப்புகள் 2022-ல், அவருடைய 98-வது வயதில், வெனிஸ் நகரத்துப் புகழ்பெற்ற கலைக்காட்சியில் இடம்பெற்றன. நூறு வயது நிறைய ஒரு மாதமே இருக்கையில், 2023 டிசம்பர் 7-ந் தேதி பாரிஸில் காலமானார்.

உடல் முடங்கிய பிறகு கலையில் ஊன்றி எழுந்தவர்களும் உண்டு. அமெரிக்க மாதாகிய லில்லியன் ஷ்வார்ட்ஸ் 1949-ல் ஜப்பானில் இருந்தபோது இளம்பிள்ளை வாதம் அவரைச் சில காலம் முடக்கிப் போட்டது. உடல் தேறுவதற்கு ஒரு வழியாகத் தூரிகையால் எழுதும் கலையைக் கற்றார். 1968 முதல் பெல் ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானிகளோடு பழகி, கம்ப்யூட்டர் கட்டங்களையும் கையால் தீட்டிய வர்ணங்களையும் கலந்து 1970-ல் 'பிக்ஸிலேஷன்' என்ற சலனப் படத்தை உண்டாக்கினார். 2024-ல் மறையும்போது, கம்ப்யூட்டர் கலையின் முன்னோடிகளில் ஒருவர் என்று உலகம் அவரைப் போற்றிற்று.

இவற்றைப் படித்த உற்சாகத்தில் நாம் இன்னொரு தவறும் செய்தோம். அக்காவின் சிரமத்தைக் குறைக்க எண்ணி, புள்ளிகளைத் தானே வைத்து, சுழியையும் தானே போட்டு முடிக்கும் செயலி ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தோம். அக்கா இரண்டு நிமிஷம் பார்த்தார். "ரொம்ப அழகாயிருக்கிறது. ஆனால், எல்லாவற்றையும் அதுவே போட்டுவிட்டால் நான் எதற்குடா?" என்றார்.

ஒரு வாக்கியம் சொன்னால் முழுச் சித்திரத்தையும் வரைந்து நீட்டும் யந்திரங்கள் வந்துவிட்ட காலம் இது. சித்திரம் வேண்டியவர்களுக்கு அவை உபயோகப்படலாம். அக்காவுக்கு வேண்டியது சித்திரம் அன்று. இந்தக் கோடு இங்கே வரவேண்டும், இந்த நிறம் வேண்டாம், அந்த நிறம் வேண்டும் என்று தீர்மானிக்கிற உரிமை. எழுப்பி உட்கார வைப்பது ஒருவர், சோறு ஊட்டுவது ஒருவர், மருந்து எந்த வேளைக்கு என்று சொல்வது ஒருவர் என்று ஆகிவிட்ட வாழ்க்கையில், தன் இஷ்டப்படி நடக்கும் இடம் ஒரு சாண் அகலத் திரையாவது இருந்தால் அது பெரிய ராஜ்யம். மோல்னாரும் யந்திரத்தைப் பயன்படுத்தினார் என்பது மெய். ஆனால், விதியை வகுத்தவர் அவர்.

வீட்டில் முடங்கிக் கிடப்பவரோ, துயரத்தில் இருப்பவரோ உள்ள நேயர்களுக்கு நாம் கண்ட சில அநுபவங்களைச் சொல்லுகிறோம். விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. சாதாரணக் கைபேசியே போதும். முதலில் ஒரே நிறம். திரையின் குறுக்கே இருபது கோடுகள் போடச் சொல்லுங்கள்; முதல் கோடு நேராக இருக்கட்டும், ஒவ்வொரு கோடும் முந்தியதைவிடச் சற்று அதிகமாக ஆடட்டும். நடுங்கும் கைக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு: நடுக்கமே அலங்காரமாகிவிடும். கோடு பிடிக்கவில்லையென்றால், பின்னோக்கிய அம்புக்குறியை ஒரு முறை தொட்டால் அது மறைந்துவிடும். தோல்வி என்ற பேச்சுக்கே இடமில்லை. முக்கியமாக ஒன்று: பக்கத்தில் நின்று, 'இது என்ன?' என்று கேட்காதீர்கள்!

இதனால் வியாதி குணமாகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. அக்காவின் வலது கை இன்றும் மடியில் கிடக்கிறது. டாக்டர் சொன்ன தேகப் பயிற்சியும் மருந்தும் தொடர்ந்து நடக்கின்றன. மாறியிருப்பது வேறு. முன்பெல்லாம் இரவில் விளக்கை அணைக்கும் சமயம் அக்கா பேசுவதில்லை. இப்போது தவறாமல் ஒரு கேள்வி வருகிறது: "தம்பி, பலகைக்குச் சார்ஜ் போட்டாயா?" நாளைக்குக் காலையில் தமக்கு வேலை இருக்கிறது என்பது அதன் பொருள். நம்பிக்கை என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன அர்த்தம் போட்டிருந்தாலும், நம் வீட்டில் அதற்கு இதுதான் அர்த்தம்.

சென்ற மார்கழியில் ஒரு நாள், நல்லதாக அமைந்த சித்திரம் ஒன்றைக் காகிதத்தில் அச்சிட்டுச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று கேட்டோம். "எதற்கு? நாளைக்கு வேறு போடவேண்டாமா?" என்று சொல்லிவிட்டு, அக்கா திரையைத் துடைத்துவிட்டார். கோலம் போட்ட கை அல்லவா! மத்தியானத்துக்குள் கால்பட்டு அழியும் என்று தெரிந்தே நாற்பது வருஷம் போட்டவருக்கு அழிவதில் என்ன வருத்தம்?

பிறகு, தெருப்பக்கத்து ஜன்னலைத் திறக்கச் சொன்னார். எதிர்வீட்டுப் பெண் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். சற்று நேரம் பார்த்துவிட்டு, "மூன்றாவது வரிசையில் ஒரு புள்ளியை விட்டுவிட்டாயே, அம்மா!" என்று குரல் கொடுத்தார்.

அன்று நல்ல பனி.